பல் இம்பிளான்ட்: காசு கட்ட முன், தாடைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எனது மேல்வரிசை முன்பல் ஒன்று 2009 ஏப்ரலில் போனது. ஷெல் பட்டுப் போகவில்லை. ஷெல் வரும் சத்தம் கேட்டு பங்கருக்குள் பாய்ந்தபோது வாசலில் போட்டிருந்த பனங்குற்றியில் வாய் அடிபட்டது. எனக்கு அப்போது 17 வயது. பக்கத்துப் பங்கரில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பல்லை யாரும் காயமாகக் கணக்கெடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பாதிப் பல்லோடு புதுமாத்தளனில் இருந்து வெளியே வந்தேன். செட்டிகுளம் மெனிக் பாமில் வேர் பழுதாகி முகம் வீங்கிய பிறகுதான் மிச்சத்தைப் பிடுங்கினார்கள்.

அதற்குப் பிறகு 12 வருடங்கள் ஒரு தட்டு போட்டிருந்தேன். மேலண்ணத்தில் ஒட்டும் இளஞ்சிவப்பு அக்ரிலிக், அதில் ஒரு பல், இரண்டு பக்கமும் கம்பிக் கொழுக்கி. தும்மினால் கை வாய்க்குப் போகும். செய்தி சேகரிக்கப் போன இடங்களில் எனக்கு முன்னால் இருந்து கதைத்த எத்தனையோ பேரின் கையும் அப்படியே வாய்க்குப் போனதைக் கண்டிருக்கிறேன். பல் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கால் போனது, கண் போனது, பிள்ளை போனது என்று சொல்லும் இடத்தில் பல்லை எப்படிச் சொல்வது?

2023இல் அந்த இடத்தில் இம்பிளான்ட் வைத்தேன். அதில் இருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். பேஸ்புக்கில் விளம்பரம் கண்டவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை காசு அனுப்புகிறேன் என்று சொன்னவர்கள், ஒரு கிளினிக்கில் முற்பணம் கட்டிவிட்டு யோசிப்பவர்கள். எல்லோருக்கும் விலைதான் முதல் கேள்வி. ஆனால் யுத்தத்தில் அடிபட்ட வாய்க்கு அது மூன்றாவது அல்லது நான்காவது கேள்வியாக இருக்க வேண்டும். அதை எனக்குப் புரியவைத்தது எனது பல் அல்ல, எனது பெரியம்மாவின் தாடை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எலும்போடு ஒட்டிய உலோகம்

இம்பிளான்ட் என்பது பல் அல்ல, பல்லின் வேருக்குப் பதிலாக வைக்கும் ஒரு சிறு டைட்டேனியம் திருகாணி. பெரும்பாலும் 8 முதல் 13 மில்லிமீற்றர் வரை நீளம், 4 மில்லிமீற்றர் அளவு தடிப்பு. அதைத் தாடை எலும்பில் துளையிட்டு முறுக்கி இறக்குவார்கள். அதன் தலையில் ஒரு இணைப்புத் துண்டு வரும். அதற்கு மேல்தான் வெளியில் தெரியும் பல், அதாவது கிரவுன். எனவே உங்களுக்கு விலை சொல்லும்போது மூன்று பொருட்களையும் சேர்த்துச் சொல்கிறார்களா, திருகாணியை மட்டும் சொல்கிறார்களா என்று கேளுங்கள். எனக்கு முதலில் சொன்ன விலையில் கிரவுன் இருக்கவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு ஒரு தற்செயல். சுவீடனில் பேர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் 1952இல் முயல்களின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டேனியத்தால் செய்த சிறு கருவிகளை வைத்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் அவை கழரவில்லை. எலும்பு உலோகத்தோடு நேரடியாகச் சேர்ந்து வளர்ந்திருந்தது. 1965இல் முதலாவது மனிதருக்கு அதை வைத்தார். அந்த மனிதர் யோஸ்டா லார்சன். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறைபாடும் உள்ளவர், கீழ்த்தாடையில் பல் இல்லாதவர். 2006இல் இறக்கும் வரை அந்த இம்பிளான்ட்களோடு வாழ்ந்தார். மருத்துவ உலகம் இதைப் பரவலாக ஏற்றுக்கொண்டது 1982இல் ரொறன்ரோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். விளம்பரங்களில் வரும் வெள்ளைச் சிரிப்புகளைப் பார்த்து இது வசதியானவர்களின் அழகுச் சிகிச்சை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முதலில் வைத்துக்கொண்டவர் சிதைந்த தாடையோடு சாப்பிடக் கஷ்டப்பட்ட ஒருவர்.

எலும்பு ஒட்டுவதற்குக் காலம் வேண்டும். கீழ்த்தாடையில் பொதுவாக மூன்று மாதம், மேல்த்தாடையில் எலும்பு மென்மை என்பதால் அதைவிடக் கூட. அந்த நேரத்தில் திருகாணி அசையக்கூடாது. எலும்பும் உடல்நலமும் சரியாக இருக்கும் ஒருவருக்கு வைத்தால் பத்து வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை வாயில் இருக்கும் என்பது பல நாடுகளின் அனுபவம். “எலும்பும் உடல்நலமும் சரியாக இருந்தால்” என்ற அந்தப் பகுதியை விளம்பரத்தில் சின்ன எழுத்தில்கூடப் போடமாட்டார்கள்.

பிந்தினால் எலும்பு போகும்

பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்பு இருக்கும். பிடுங்கிய பிறகு அந்த இடத்து எலும்பு கரையத் தொடங்கும். முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். நான் 14 வருடம் கழித்துப் போனேன். வைத்தியர் ஸ்கானைக் காட்டி, “தம்பி, இதில ஸ்க்ரூ போட இடமில்லை. மதிலுக்கு மேல மரம் நடக் கேக்கிற மாதிரி இருக்கு,” என்றார்.

அதனால் எனக்கு முதலில் எலும்பு கட்டினார்கள். கட்டுவது என்றால், முரசைத் திறந்து எலும்புத் துகளை நிரப்பி மேலே ஒரு மெல்லிய சவ்வை வைத்துத் தைப்பது. ஆறு மாதம் காத்திருந்து திருகாணி, பிறகு ஐந்து மாதம் கழித்துக் கிரவுன். மொத்தம் ஒன்பது தடவை கிளினிக் போனேன். எனக்கு வீடு யாழ்ப்பாணத்தில் என்பதால் சமாளித்தேன். மாங்குளத்தில் இருந்தோ முல்லைத்தீவில் இருந்தோ வருபவருக்கு ஒன்பது தடவை என்றால் ஒன்பது நாள் கூலியும் ஒன்பது பஸ் பயணமும். இதையும் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு விடயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. இந்த எலும்புத் துகள் பல வகை. மாட்டெலும்பைப் பதப்படுத்தி எடுத்ததும் உண்டு, தானமாகக் கிடைத்த மனித எலும்பும் உண்டு, முழுக்கச் செயற்கையாகச் செய்ததும் உண்டு. நோயாளியின் சொந்தத் தாடையில் இருந்தே எடுத்து வைப்பதும் உண்டு. மரக்கறி மட்டும் சாப்பிடும் எங்கள் வீட்டு முதியவர்களிடம் கேட்காமல் மாட்டெலும்பை வைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் அவர்கள் படும் பாடு சின்னதாக இருக்காது. கேட்டால் வைத்தியர்கள் சொல்வார்கள், மாற்றும் இருக்கிறது. கேட்க வேண்டியது நாங்கள்.

பெரியம்மாவின் தாடை

பெரியம்மாவுக்கு இப்போது 66 வயது, கிளிநொச்சியில் இருக்கிறா. 2009 மார்ச்சில் மாத்தளனில் ஷெல் சிதறல் பட்டு இடப்பக்கக் கீழ்த்தாடை உடைந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் காயக்காரரோடு திருகோணமலைக்கு ஏற்றினார்கள். அங்கே தாடையைக் கம்பியால் கட்டி, ஆறு கிழமை கஞ்சியும் தேத்தண்ணியுமாக இருந்தா. உடைந்தது பொருந்திவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆடி, 2016 அளவில் கீழ்வரிசையில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை.

கட்டிய கீழ்ப் பல்செட் ஒரு நாளும் நின்றதில்லை. மேல்ச்செட் அண்ணத்தில் உறிஞ்சிப் பிடிக்கும். கீழ்ச்செட்டுக்குப் பிடிக்க இடமில்லை, நாக்கும் தள்ளும். எலும்பு கரைந்த தாடையில் அது மிதக்கும். “நான் கதைக்க முதல் என்ர பல்லு கதைக்குது,” என்பா பெரியம்மா. கோயில் வீதியில் தெரிந்தவர்களைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவா.

ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா, பெரியம்மாவின் மூத்த மகன், கடந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது அம்மாவுக்கு “நிரந்தரப் பல்லு” வைத்துவிட்டுத்தான் போவது என்று நின்றார். கையில் 24 நாட்கள் இருந்தன. ஒரு தனியார் கிளினிக்கில் வாய் முழுதும் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, கீழே நான்கு இம்பிளான்ட் வைத்துக் கழற்றாத பல் பூட்டலாம், முற்பணம் கட்டுங்கள் என்றார்கள். எக்ஸ்ரேயில் இடப்பக்கம் வெள்ளையாகப் பொட்டுகள் தெரிந்தன. அது பழைய பல் அடைப்பின் மிச்சமாக இருக்கலாம் என்றார் அங்கிருந்தவர்.

பெரியம்மா வாழ்க்கையில் ஒரு பல்லும் அடைத்ததில்லை. அவை பீஸ்.

எனது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, “அம்மா, எந்த இடத்தில, எந்த வருஷம் காயப்பட்டனீங்கள்?” என்பதை. பிறகு சி.பி.சி.ரி. ஸ்கான் எடுக்கச் சொன்னார். ஓ.பி.ஜி. தட்டையான படம், அதில் உயரம் தெரியும், தடிப்பு தெரியாது. ஒரு பொருள் எலும்புக்குள் இருக்கிறதா, கன்னத்துச் சதைக்குள் இருக்கிறதா என்றும் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. சி.பி.சி.ரி. மூன்று பக்கத்தாலும் காட்டும். அதிலும் உலோகத்தைச் சுற்றிக் கதிர் சிதறிப் படம் கலங்கும் என்பதால் பார்க்கிறவருக்குப் பொறுமை வேண்டும்.

மூன்று சிதறல்கள் இருந்தன. இரண்டு சதைக்குள். ஒன்று எலும்புக்குள், கீழ் உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடும் குழாயை ஒட்டி. உடைந்து பொருந்திய இடத்து எலும்பு மெல்லியது. நான்கில் ஒன்றை அந்தப் பக்கம் துளைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அண்ணா கேட்டார். “தாடை திரும்ப உடைஞ்சிருக்கலாம். உடையாமலும் இருந்திருக்கலாம். ஆனா பாக்காமல் துளைக்க ஏலாது,” என்றார் வைத்தியர்.

பெரியம்மாவின் கீழ் உதட்டின் இடப்பக்கம் 2009இல் இருந்தே மரத்துப்போய் இருக்கிறது. பாண் தூள் ஒட்டியிருந்தாலும் தெரியாது. இதை அவ யாருக்கும் சொன்னதில்லை, “அது காயத்தோட வந்தது தானே” என்று விட்டுவிட்டா. வைத்தியர் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டு, மரத்த இடத்தைப் படமாக வரைந்து கோப்பில் வைத்தார். சத்திரசிகிச்சைக்கு முன்பே இது எழுதப்பட்டிருந்தால்தான், பிறகு ஒரு மரத்தல் வந்தால் அது பழையதா புதியதா என்று தெரியும். முகத்தில் எங்காவது உணர்ச்சி இல்லாத இடம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பீஸ் பற்றி இன்னும் கொஞ்சம்

உடம்பில் பீஸ் இருக்கிறவர்களிடம் பெரும்பாலும் துண்டும் இல்லை, கிளினிக் கொப்பியும் இல்லை. 2009இல் செய்த சிகிச்சையின் பதிவுகள் இடம்பெயர்வில் போயின, அல்லது எழுதப்படவே இல்லை. எனவே வாயால் சொல்வதுதான் பதிவு.

சிதறல் இருந்தால் இம்பிளான்ட் வைக்கவே முடியாது என்று அர்த்தம் இல்லை. தள்ளி இருக்கும், சீழ் வைக்காத, நோகாத சிதறலைப் பல வேளைகளில் அப்படியே விட்டுவிடுவார்கள். எடுக்கப் போனால் எடுப்பதே பெரிய காயமாகிவிடும். துளையிடும் பாதையில் இருந்தால், அல்லது அதைச் சுற்றி எலும்பு உக்கியிருந்தால்தான் சிக்கல். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர். அரச போதனா வைத்தியசாலைகளில் இந்த நிபுணர்களிடம் காட்டுவதற்குக் காசு தேவையில்லை. தனியாரில் இம்பிளான்ட் வைக்கப் போகிறவர்களும் முதலில் அங்கே ஒரு தடவை காட்டுவதில் நட்டம் இல்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இம்பிளான்டில் உள்ள டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது. அது இருப்பதால் பொதுவாக எம்.ஆர்.ஐ.க்குத் தடை இல்லை. ஷெல் சிதறல் அப்படி அல்ல, அதில் இரும்பு இருக்கும். கண்ணுக்குக் கிட்ட, நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ கிட்ட இருக்கும் சிதறல் காந்தத்தில் அசைந்தால் ஆபத்து. எங்கள் ஆட்கள் சிலர் இதைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள், “பல்லில் இரும்பு பூட்டினால் ஸ்கான் எடுக்க ஏலாது, ஆனால் பீஸ் பழசு தானே” என்று. எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக முன் சொல்ல வேண்டியது முதலில் பீஸைப் பற்றித்தான். இம்பிளான்டையும் சொல்லுங்கள். இம்பிளான்டில் கொழுவும் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், சில கொழுவிகளில் காந்தம் இருக்கும்.

யார் பொறுத்திருக்க வேண்டும்

பெரியம்மாவுக்கு நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. அளவு 10க்கு மேல் இருந்தது. இப்படி இருக்கும்போது காயம் ஆறாது, கிருமி பிடிக்கும், எலும்பு ஒட்டாது. 8க்குக் கீழே கொண்டுவாருங்கள், பிறகு கதைப்போம் என்று அனுப்பிவிட்டார். அண்ணாவின் 24 நாட்களும் அத்தோடு முடிந்தன. விமான நிலையத்துக்கு அவர் கோபத்தோடுதான் போனார்.

வேறு சிலரும் பொறுக்க வேண்டும், சிலர் விடவே வேண்டும். எலும்பு மெலிவுக்குக் கிழமைக்கு ஒரு குளிசை போடும் வயதான பெண்கள் இருக்கிறார்கள், அலென்ட்ரோனேட் என்று பெயர் இருக்கும். அந்த வகை மருந்து எடுப்பவர்களுக்குத் தாடையில் துளையிட்டால், அரிதாகத்தான் என்றாலும், எலும்பு செத்துப்போகும் நிலை வரலாம். பல் வைத்தியருக்கு அந்தக் குளிசையைக் காட்டுங்கள். காட்டாமல் நிறுத்தவும் வேண்டாம். கழுத்துக்கு மேல் புற்றுநோய்க்காகக் கதிர் அடித்தவர்களும் அப்படித்தான். சிகரெட் குடிப்பவர்களுக்குத் தோல்வி கூட. வெற்றிலை பாக்குப் போட்டுப் போட்டு வாய் திறக்கும் அளவு குறைந்தவர்களுக்குத் துளைக்கும் கருவியே உள்ளே போகாது. அது வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய நிலையாகவும் இருக்கலாம். இலங்கை ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். அப்படியானவர் பல் கட்டும் யோசனையை வைத்துவிட்டு முதலில் வாயைக் காட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்கு வைக்கக் கூடாது. தாடை வளர்ந்து முடிந்த பிறகுதான், பொதுவாக 18க்கும் பிறகு. இம்பிளான்ட் எலும்போடு ஒட்டியது, பக்கத்துப் பற்கள் வளர்ந்து இறங்கும்போது அது கூட இறங்காது. மோட்டார் சைக்கிளில் விழுந்து முன்பல் போன 14 வயதுப் பையனுக்கு இம்பிளான்ட் வைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வாருங்கள்.

இன்னொன்று, நித்திரையில் பல் நெரிப்பது. கெட்ட கனவுகளோடு படுக்கும் எங்கள் ஆட்களில் பலர் இரவில் பல்லை நெரிக்கிறார்கள், காலையில் தாடை நோகும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு மெல்லிய நார்ப் படுக்கை இருக்கிறது, அதிர்வைத் தாங்கும். இம்பிளான்டுக்கு அது கிடையாது. முழுப் பாரமும் நேரே திருகாணிக்குப் போகும், கிரவுன் வெடிக்கும், ஸ்க்ரூ இளகும். வீட்டில் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டுவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். இரவில் போடும் கவசம் ஒன்று செய்து தருவார்கள்.

அந்தக் கதிரை

இதை எழுதலாமா என்று யோசித்தேன். தடுப்பில் இருந்து வந்த ஒருவரைச் சில வருடங்களுக்கு முன் வேறொரு செய்திக்காகச் சந்தித்தேன். அவரது வாயில் உடைந்த வேர்கள் ஏழெட்டு இருந்தன. கிளினிக் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கிறார். மல்லாந்து படுக்க வைப்பது, முகத்துக்கு நேரே வெளிச்சம், முகமூடி போட்டவர் மேலே குனிவது, கருவிச் சத்தம், வாய்க்குள் கை. “அவையள் நல்லவை தான். ஆனா உடம்புக்கு அது தெரியாது,” என்றார்.

வைத்தியரிடம் முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. “எனக்குப் படுக்க ஏலாது, பயம் வரும்” என்று சொன்னால் போதும். கதிரையை அரைவாசி நிமிர்த்தி வைக்கலாம். ஒவ்வொரு கருவியையும் காட்டிவிட்டுத் தொடச் சொல்லலாம். இடக்கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று முதலே பேசிக்கொள்ளலாம். கூட ஒருவரை உள்ளே இருக்க விடச் சொல்லலாம். முதல் நாள் கதிரையில் இருந்து எழும்பி வருவதோடு முடிக்கலாம். நான் பேசிய பல் வைத்தியர்களில் எவரும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் நோயாளி சொன்னால்தான் தெரியும் என்றார்கள். இம்பிளான்ட் வைக்கும்போது நோவு இருக்காது, விறைப்பூசி போடுவார்கள். ஆனால் எலும்பைத் துளைக்கும் அதிர்வு தலைக்குள் கேட்கும். எனக்குக் கேட்டது. தெரிந்து போவது நல்லது.

விலை, மாற்றுவழி, கேள்விகள்

நான் விசாரித்த தனியார் கிளினிக்குகளில் ஒரு பல்லுக்குத் திருகாணியில் இருந்து கிரவுன் வரை ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக யாரும் சொல்லவில்லை, இரண்டு மடங்கு சொன்னவர்களும் உண்டு. எலும்பு கட்டினால் அது தனி. பொருட்கள் எல்லாம் இறக்குமதி. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபோது இவற்றின் விலையும் ஏறியது. அரச பல் கிளினிக்கில் பிடுங்குவதும் அடைப்பதும் இலவசம், ஆனால் இம்பிளான்ட் அங்கே வழமையான சேவை அல்ல. சிக்கலான வாய்களுக்குக் கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலையும் பேராதனையில் பல் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பல் புனரமைப்பு நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். வரிசை நீளம், தூரமும் நீளம்.

எல்லோருக்கும் இம்பிளான்ட் தேவையும் இல்லை. இரண்டு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே பழுதாகிக் கிரவுன் போட வேண்டிய நிலையில் இருந்தால் மூன்றையும் சேர்த்து ஒரு பாலம் கட்டுவது மலிவு, சீக்கிரம் முடியும். நல்ல பற்களைச் சீவிப் பாலம் கட்டுவதுதான் அநியாயம். பல பற்கள் இல்லாத நடுத்தர வயதுக்காரருக்குக் கோபால்ட்-குரோம் உலோகத் தட்டு அக்ரிலிக் தட்டைவிட மெல்லியது, இறுக்கமாக நிற்கும். நான் 12 வருடம் அக்ரிலிக்கோடு இருந்ததற்கு ஒரு காரணம், இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான்.

கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. நாடியின் இரண்டு பக்கமும் இரண்டே இரண்டு இம்பிளான்ட். அவற்றின் தலையில் சட்டைக்கு அழுத்திப் பூட்டும் பிறஸ் பட்டன் போல ஒரு கொழுவி. கழற்றக்கூடிய பல்செட் அதில் வந்து பூட்டும். இரவில் கழற்றிக் கழுவலாம். 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதல் தெரிவாக இதையே வைக்கலாம் என்று அறிக்கை விட்டார்கள். நான்கு வைத்துக் கழற்றாத பல் பூட்டுவதைவிடச் செலவு மிகக் குறைவு. நாடிப் பகுதி எலும்பு மற்ற இடங்களைவிட நின்றுபிடிக்கும், அந்த நரம்பும் அங்கே வராது. பெரியம்மாவின் நாடி எலும்பில் சிதறல் இல்லை.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நிற்கும் மூன்று நான்கு கிழமைக்குள் இது முடியாது. “அதே நாளில் பல்” என்று சொல்வது பெரும்பாலும் தற்காலிகப் பல், அதையும் நல்ல எலும்பு உள்ளவர்களுக்குத்தான் வைக்கலாம். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கிய பிறகு அங்கே கூட்டிப்போய் வைப்பவர்களும் இருக்கிறார்கள். திறமையான வைத்தியர்கள் அங்கே நிறைய. ஆனால் அடுத்த வருடம் ஸ்க்ரூ இளகினால் யார் முறுக்குவது? ஒவ்வொரு கம்பனியின் திருகாணிக்கும் தலை வேறு, சாவி வேறு. எனவே எங்கே வைத்தாலும் கம்பனியின் பெயர், அளவு, தொகுதி இலக்கம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஒவ்வொரு இம்பிளான்டோடும் ஒரு ஒட்டி வரும், அதை ஒட்டித் தருவது ஒரு நிமிட வேலை. அந்த அட்டை இல்லாமல் வந்த ஒருவருக்குச் சாவி தேடியே இரண்டு மாதம் போனதை எனது வைத்தியரின் வரவேற்பறையில் இருந்து பார்த்தேன்.

வைப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரா என்று பாருங்கள். சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். பல் கட்டும் கடையில் வெள்ளைக் கோட் போட்டவர் எல்லோரும் வைத்தியர் அல்ல. தோல்வியானால் திரும்ப வைக்கக் காசு எடுப்பீர்களா, எவ்வளவு என்றும் முதலே கேளுங்கள். நல்ல வைத்தியர் அந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.

வைத்த பிறகு இம்பிளான்டுக்குச் சூத்தை வராது. ஆனால் அதைச் சுற்றி முரசு அழுகும், எலும்பு கரையும். நரம்பு இல்லாததால் நோகாது, ஆடும்போதுதான் தெரியவரும். முரசில் இரத்தம் கசிந்தால் நோவுக்குக் காத்திருக்காமல் போக வேண்டும். இரண்டு நேரம் துலக்குவதும், இடுக்குக்குள் போகும் சின்ன பிரஷும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுவதும் வாழ்நாள் வேலை. இதற்கு நேரம் கிடைக்காது என்று தெரிந்தால் இலட்சங்களை அதில் போட வேண்டாம்.

பெரியம்மாவின் சீனி 7.6க்கு வர ஒன்பது மாதம் பிடித்தது. பாணை விட்டா, காலையில் கனகபுரம் ரோட்டில் நடந்தா. அண்ணா ஒவ்வொரு கிழமையும் வீடியோவில் வந்து இலக்கத்தைக் கேட்டார். போன மாதம் நாடியில் இரண்டு வைத்தார்கள், முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து. அதுவரை பழைய செட்டின் அடியைக் குடைந்து, மென்மையான ஒரு பூச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது முன்பு போலவே மிதக்கிறது. புட்டைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறா. இரண்டு ஒட்டியும் ஒட்டிய அட்டையை, குடும்ப அட்டையும் அடையாள அட்டையும் இருக்கும் பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறா. அதன் பின்பக்கத்தில், இடத்தாடையில் மூன்று சிதறல் என்று வைத்தியர் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். அந்தக் காயத்துக்குப் பெரியம்மாவிடம் இருக்கும் முதலாவது துண்டு அதுதான்.